முதல் ஏஏ மீட்டிங்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாக வருகிறவருக்கு

குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் கூட்டம்தான் ஏஏ. மீட்டிங் மாலை ஆறரைக்கு என்று சொல்லியிருந்தார்கள். நான் ஐந்தே முக்காலுக்கே போய், எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு டீ, இன்னொரு டீ, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொருவராக அந்த கேட்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு மணிக்கு பாலக்கோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம்தான் ரோட்டைக் கடந்தேன். அந்த ரோடு இருபது அடி அகலம் இருக்கும்.

அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. நடுவில் ஒருமுறை விழுந்து எழுந்தேன். இப்போது ஏழு வருடமாகக் குடிக்கவில்லை. தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். என் பெயர் இங்கே வேண்டாம், ஏஏவில் அதுதான் வழக்கம். டீக்கடையில் உட்கார்ந்து எதிர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்குப் போய் இன்றோடு குடியை விட்டுவிட வேண்டும் என்ற கணக்கோடு முதல் மீட்டிங்குக்குப் போகாதீர்கள். அவ்வளவு பெரிய பாரத்தை ஒரு மாலைப்பொழுதின் தலையில் ஏற்றினால் அது தாங்காது. முதல் மீட்டிங்குக்கு ஒரே ஒரு வேலைதான்: உங்களை இரண்டாவது மீட்டிங்குக்கு வரவைப்பது. கீழே சொல்லப்போகும் எல்லாமே அதற்காகத்தான்.

முதலில் உடம்பு

தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் பல் விளக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர், வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. மீட்டிங்குக்கு முன்பு அவர் டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2வது நாளிலிருந்து 4வது நாளுக்குள் சிலருக்கு நேரம் காலம் தெரியாமல் உளறல் வரும், சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கூப்பிடுவதாகவும் தோன்றும். ஊரில் இதைப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். அது மூளையும் நரம்பும் திடீரென்று சாராயம் இல்லாமல் தவிக்கும் தவிப்பு. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. வலிப்போ உளறலோ வந்தால் யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகருக்குள்ளேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022இல் போலுப்பள்ளியில் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். இரண்டு இடத்திலும் ஓபி சீட்டு போடும்போது மனநலப் பிரிவு என்று கேளுங்கள். அந்த வார்த்தைக்கு வெட்கப்பட வேண்டாம், குடிக்கு வைத்தியம் பார்க்கும் இடம் அதுதான். டாக்டரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நாளைக்கு மூன்று குவார்ட்டர் என்றால் மூன்று என்றே சொல்லுங்கள், அதை வைத்துத்தான் மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பார். கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமினும் போடுவார்கள். நாள்பட்ட குடியில் அது உடம்பில் வற்றிப்போயிருக்கும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடலாம். அது டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. போதை மீட்புக்கென்றே 14446 என்ற எண்ணும் இருக்கிறது.

எப்போதாவது குடித்து, ஆனால் குடிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாமல் போகிறவருக்கு இந்த உடம்புச் சிக்கல் பெரும்பாலும் வராது. அவர் நேராகவே மீட்டிங்குக்கு வரலாம்.

இடத்தைக் கண்டுபிடிப்பது

ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதற்கு ஊர் ஊராகக் கிளை ஆபீஸோ போர்டோ கிடையாது. ஏதாவது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையிலோ, சர்ச் வளாகத்து அறையிலோ, ஆஸ்பத்திரியின் ஒரு மூலையிலோ வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் மாலையில் கூடுவார்கள். அறை மாறும், கிழமையும் மாறும். அதனால் யாரோ எப்போதோ சொன்ன விலாசத்தை நம்பிக் கிளம்பாமல் முதலில் போனில் விசாரியுங்கள். ஏஏ இந்தியா என்று கூகுளில் தேடினால் உதவி எண் கிடைக்கும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டாலும் சொல்வார்கள், அங்கிருந்துதான் நிறையப் பேர் எங்களிடம் வருகிறார்கள்.

போனை எடுப்பவரும் ஒரு குடிநோயாளிதான். சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர் இல்லை. அவரிடம் கிழமையும் நேரமும் கேளுங்கள், பக்கத்தில் என்ன அடையாளம் இருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் அது ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டு மீட்டிங்கா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓப்பன் என்றால் மனைவி, அண்ணன், நண்பர் என்று யாரையும் கூட்டிப் போகலாம். க்ளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். முடிந்தால், "நான் முதல் தடவை வர்றேங்க, வாசல்ல யாராச்சும் நிப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். கண்டிப்பாக நிற்பார்கள். எனக்கு அப்படிக் கேட்கத் தெரியவில்லை, இரண்டு வாரம் வீணாகப் போனது.

உங்கள் ஊரில் மீட்டிங் இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போங்கள். அரூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து தருமபுரிக்கும், தருமபுரியிலிருந்து சேலத்துக்கும், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கும் பஸ் ஏறி வருகிறவர்கள் எங்களில் நிறைய. தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே முதல் சில மாதம் வெளியூர் மீட்டிங்குக்குப் போனவர்களும் உண்டு, அதில் ஒரு தவறும் இல்லை. ஒன்று மட்டும் முக்கியம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மீட்டிங் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். இரவு எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைத் தவறவிட்டு, பசியோடு, கையில் காசோடு தனியாக நிற்பதுபோல ஒரு ஆபத்து புதியவருக்கு வேறு இல்லை. மதுக்கடை பத்து மணி வரை திறந்திருக்கும்.

போனிலும் கம்ப்யூட்டரிலும் நடக்கும் மீட்டிங்குகளும் இருக்கின்றன. கொரோனா ஊரடங்கில் பரவலாகி அப்படியே நின்றுவிட்டன. மலை கிராமத்தில் இருப்பவர்கள், இரவு ஷிஃப்டு பார்ப்பவர்கள், வெளியே வர முடியாத பெண்கள் எல்லோருக்கும் அது பெரிய துணை. ஆனாலும் ஒரு தடவையாவது நேரில் வாருங்கள் என்பேன். பக்கத்து நாற்காலிக்காரர் சிரிப்பதைப் பார்க்காமல் இது புரியாது.

கிளம்பும் நாளில்

மதியம் நன்றாகச் சாப்பிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு மறுபடி ஏதாவது வயிற்றில் போடுங்கள், இரண்டு இட்லியோ ஒரு பிடி களியோ எதுவானாலும் சரி. பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நாலும்தான் குடிக்கு வழி திறந்துவிடும் என்று பழைய மெம்பர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். அதில் உடனே சரிசெய்யக் கூடியது பசி. சட்டைப் பையில் இரண்டு கடலை மிட்டாய் போட்டுக்கொள்ளுங்கள். குடி நினைப்பு வரும்போது இனிப்பு வாயில் போட்டால் கொஞ்சம் தணியும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பள நாளாக இருந்தால் பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, பஸ் சார்ஜும் டீக் காசும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் சனிக்கிழமை ஊர் திரும்புகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். போகும் வழியில் கடை வருமானால் வேறு வழியாகப் போங்கள். சுற்றுவழிதான், ஆனாலும் போங்கள். நான் முதல் ஒரு வருடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேர் வழியை விட்டு ஒரு கிலோமீட்டர் சுற்றித்தான் போனேன்.

காலையில் தெரியாமல் ஒன்று போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வரலாம். யாரும் வாயை ஊதச் சொல்லமாட்டார்கள். அன்றைக்குக் குடித்திருப்பவர் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். பின் வரிசையில் உட்காருங்கள், முடிந்ததும் ஒருவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எங்கள் குரூப்பில் இன்று கூட்டத்தை நடத்தும் ஒருவர் முதல் நாள் தள்ளாடிக்கொண்டுதான் வந்தார்.

கேட்டுக்கு வெளியே

பயம் ஒன்றுதான், யாராவது பார்த்துவிட்டால்? நம் ஊர்கள் சின்ன ஊர்கள். வண்டி நம்பரை வைத்தே யார் என்று சொல்லிவிடுவார்கள். நான் அந்த டீக்கடையில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்தேன். மூன்றாவது வாரம் திடீரென்று ஒரு விஷயம் உறைத்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஷட்டர் தூக்குவதற்காகக் கடை வாசலில் நான் நின்றதை இந்த ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. மாரியம்மன் பண்டிகையன்று சாக்கடை ஓரம் கிடந்ததை என் மகளின் டீச்சர் பார்த்திருக்கிறார். அங்கே போக வெட்கப்படாத கால் இங்கே வர ஏன் வெட்கப்பட வேண்டும்?

உள்ளே தெரிந்த முகம் ஒன்று இருக்கவே செய்யும். அவரும் உங்களைப் போல அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். இங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்வதில்லை என்பது ஏஏவின் அடிப்படை வழக்கம். என் அனுபவத்தில், நான் உள்ளே போனதும் எழுந்து வந்தவர் எங்கள் மண்டிக்கு லோடு ஏற்ற வரும் ஒரு டிரைவர். "வாங்கண்ணா, இப்பிடி உக்காருங்க, டீ ஆறிடும்" என்றார். அவ்வளவுதான். எப்போதிலிருந்து, எவ்வளவு, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. மறுநாள் மண்டியில் பார்த்தபோது வழக்கம்போல லோடு கணக்கு மட்டும் பேசினார்.

உள்ளே நடப்பது

பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போட்டிருக்கும். சுவரில், குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளைத் தமிழில் எழுதிய துணி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். நோட்டில் கையெழுத்து, ஆதார், போட்டோ, கட்டணம் எதுவும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டும்தான் தகுதி. அந்த விருப்பம் அன்றைக்கு அரைகுறையாக இருந்தாலும் உட்காரலாம்.

அப்புறம், நம் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி என்ன? எந்த ஊரு, எந்தத் தெரு, யார் வீட்டுப் பையன். அந்தக் கேள்வி எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். மீட்டிங்கில் அது கிடையாது. பெயரும், வேண்டுமானால் இனிஷியலும் போதும். ஊரில் ஒரே கிளாஸில் டீ குடிக்க யோசிக்கும் இரண்டு பேர் அங்கே தோளில் கை போட்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். குடிக்கு வெளியே எனக்குக் கிடைத்த பெரிய செல்வங்களில் ஒன்றாக இதைச் சொல்வேன்.

நடத்துபவர் முதலில் சிறிது நேரம் மௌனமாக இருக்கச் சொல்வார். ஏஏ என்றால் என்ன என்று ஒரு பத்தி வாசிப்பார்கள். மாற்ற முடியாததை ஏற்க மன அமைதியும், மாற்றக் கூடியதை மாற்றத் துணிவும், இரண்டுக்கும் வித்தியாசம் அறிய விவேகமும் கேட்கும் ஒரு சிறு பிரார்த்தனை இருக்கும். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். இதைப் பகிர்வு என்கிறோம், ஷேரிங் என்றும் சொல்வதுண்டு. முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று தன் கதையை மட்டும் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்பதோ, முடிந்ததும் அறிவுரை சொல்வதோ இல்லை.

நடுவில் ஒரு பை சுற்றி வரும். பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று மெம்பர்கள் போடுவார்கள். அறை வாடகைக்கும் டீக்கும்தான் அந்தக் காசு. வெளியாரிடம், அரசாங்கத்திடம், பெரிய மனிதர்களிடம் நன்கொடை வாங்குவதில்லை. புதியவர் போட வேண்டியதில்லை, அப்படியே பக்கத்தில் தள்ளிவிடலாம்.

"யாராவது புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்பார்கள். பயப்பட வேண்டாம். கை தூக்கினால் போதும், பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேச வந்தால் பெயரைச் சொல்லி, "இன்னைக்கு கேக்கத்தான் வந்தேன்" என்று உட்காரலாம். எல்லோரும் கை தட்டுவார்கள். மற்றவர்கள் 'நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்வதைக் கேட்டு நாமும் சொல்லியாக வேண்டுமோ என்று நினைக்காதீர்கள். நான் அந்த வார்த்தையைச் சொல்ல ஐந்தாவது மீட்டிங் ஆனது. சொன்ன அன்றிரவு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

ஏன் காசு வாங்காமல் செய்கிறார்கள்

புதியவர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. மதம் மாற்றுவார்களோ, கட்சியில் சேர்ப்பார்களோ, மருந்து விற்பார்களோ என்று. பதில் ஏஏ தொடங்கிய கதையிலேயே இருக்கிறது.

1935ஆம் வருடம், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரான் நகரம். பில் என்கிற பங்கு வியாபாரி தொழில் விஷயமாக அங்கே போய், நினைத்தது நடக்காமல் ஒரு ஹோட்டலில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்கிறது, இன்னொரு பக்கம் போன் இருக்கிறது. இன்னொரு குடிகாரரிடம் பேசினால்தான் இன்றைக்குத் தப்பிக்க முடியும் என்று தோன்றி, சர்ச் பட்டியலைப் பார்த்துப் போன் செய்கிறார். அப்படித்தான் பாப் என்கிற அறுவை சிகிச்சை டாக்டரைச் சந்திக்கிறார். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஏஏவின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்தியாவுக்கு அது 1957இல் வந்தது.

பில் அன்றைக்குப் போன் செய்தது தான் குடிக்காமல் இருப்பதற்காக. எங்களுக்கும் அதே நிலைதான். நீங்கள் உள்ளே வரும்போது எனக்குக் குடிக்காத நாள் ஒன்று கூடுகிறது. அதனால் எங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற எண்ணமே வேண்டாம். இரவு பதினோரு மணிக்குப் போன் செய்தாலும் எடுப்போம்.

கடவுள் விஷயம். பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, 'நாம் உணர்ந்தபடியான கடவுள்' என்றே அதைச் சொல்வோம். எங்கள் குரூப்பில் முருகனைக் கும்பிடுபவர், சர்ச்சுக்குப் போகிறவர், தொழுகிறவர், பெரியார் வழியில் வந்து எதையும் கும்பிடாதவர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். கும்பிடாதவர் இந்தக் கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டிருக்கிறார். பதினொரு வருடமாக அவர் குடிக்கவில்லை.

இன்னொரு சந்தேகம், இது நோயா, ஒழுக்கக்கேடா என்பது. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. நம் மண்ணுக்கும் இது புதிய துயரம் இல்லை. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் ஜில்லாவில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. கடை இருந்த காலத்திலும் இல்லாத காலத்திலும் குடிநோயாளி குடிநோயாளியாகத்தான் இருந்தான். என் தாத்தா மதுவிலக்குக் காலத்தில் காட்டுக்குள் ஊறல் போட்டவர்.

மீட்டிங் முடிந்ததும்

பத்து நிமிடம் இருங்கள். புதியவர்கள் பிரார்த்தனை முடிந்த உடனே செருப்பைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள், நானும் ஓடியிருக்கிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் மூன்று போன் நம்பர் கிடைக்கும். மூன்று கேளுங்கள், ஒருவர் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுப்பார். பஸ்ஸில் உட்கார்ந்ததுமே அதில் ஒருவருக்கு, "கிளம்பிட்டேங்க" என்று ஒரு போன் போடுங்கள். பேச விஷயம் எதுவும் வேண்டியதில்லை. நெருக்கடி இல்லாத நேரத்தில் அந்த நம்பரை ஒருமுறை அழுத்திப் பழகிவிட்டால், நெருக்கடி நேரத்தில் விரல் தானாகப் போகும். குடிக்கும் முன்பு கூப்பிட வேண்டும். குடித்த பிறகு கூப்பிட்டால் நாங்கள் பேசுவோம்தான், ஆனால் உங்களுக்குக் காதில் ஏறாது.

கொஞ்ச நாள் போனதும் இவர் பேசுவது எனக்குப் புரிகிறது என்று ஒருவரைப் பற்றித் தோன்றும். அவரை ஸ்பான்சராக, அதாவது உங்களுக்கு வழிகாட்டும் மெம்பராக, இருக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். முதல் மீட்டிங்கிலேயே இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

பெருநகரங்களில் தொண்ணூறு நாளில் தொண்ணூறு மீட்டிங் போகச் சொல்வார்கள். நம் பக்கம் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். மீதி நாட்களைப் போனிலும் ஆன்லைன் மீட்டிங்கிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த மீட்டிங் வரை ஒரு வாரம் இருக்கிறதே என்று மலைக்கவும் வேண்டாம். இன்றைக்குப் படுக்கும் வரை குடிக்காமல் இருந்தால் போதும், நாளைக்கு என்ன என்பதை நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். இருபத்து நாலு மணி நேரம் என்று நாங்கள் அடிக்கடி சொல்வது இதைத்தான். தூக்கம் முதல் சில வாரம் சரியாக வராது. எனக்கு இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும், எழுந்து மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்து படுப்பேன். நாள் போகப் போகச் சரியானது.

வெளியே நண்பர்கள் "என்னடா, ஒரு கட்டிங்கூட வேணாமா?" என்பார்கள். அவர்களுக்கு ஏஏ பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லை. "டாக்டர் வேணாம்னுட்டாருடா, கல்லீரல்" என்று முடித்துக்கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல், மாங்காய் சீசனில் பணம் புழங்கும் நாட்கள், கறி விருந்து, சாவு வீடு எல்லாம் முன்கூட்டியே தெரிந்த ஆபத்துகள். சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. போய், மாலை போட்டு, பறை சத்தம் ஏறி பாட்டில் இறங்குவதற்குள் திரும்பிவிடுங்கள். முதல் வருடம் அப்படித்தான் இருக்க வேண்டும், சொந்தக்காரர்கள் பிறகு புரிந்துகொள்வார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அக்கா, தங்கை, அம்மா, யார் இதைப் படித்தாலும் ஒரு வேண்டுகோள். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி மறக்கும் என்று விற்கும் பொடியையும் மாத்திரையையும் வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. டைசல்பிரம் என்ற மருந்தை டாக்டர்கள் நோயாளியின் சம்மதத்தோடு, பரிசோதனை செய்து கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிட்டிருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். அதேபோல, கைகால் கட்டித் தூக்கிப்போய் அடைத்து அடிக்கும் மறுவாழ்வு மையங்களிலும் ஏமாறாதீர்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மையமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். என்னை ஒருமுறை அப்படி ஓரிடத்தில் விட்டார்கள். வெளியே வந்த அன்றே குடித்தேன்.

உங்களுக்கென்றே அல்அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. 1951இல் பில்லின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து அதை அமைப்பாக்கினார்கள். வீட்டில் குடிப்பவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் அதற்குப் போகலாம். பக்கத்தில் இல்லையென்றால் ஓப்பன் மீட்டிங்குக்கு வாருங்கள். என் மனைவி ஓப்பன் மீட்டிங் ஒன்றில் இன்னொருவரின் கதையைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில், "இத்தனை வருசமா வேணும்னே குடிக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

குடிப்பவர் பெண்ணாக இருந்தால் ஏஏவின் கதவு அதே அளவுக்குத் திறந்திருக்கிறது. நம் ஊரில் அது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியும். உதவி எண்ணில் பேசும்போதே பெண் மெம்பர் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். ஊரில் இல்லாவிட்டாலும் சேலத்திலோ பெங்களூரிலோ இருப்பவரைப் போனில் சேர்த்துவிடுவார்கள்.

விழுந்துவிட்டால்

முதல் மீட்டிங்குக்கும் இரண்டாவதற்கும் நடுவில் குடித்துவிட்டால் என்ன செய்வது? வாருங்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்து வராமல் நின்றுவிட்டவர்களைத்தான் நாங்கள் அதிகம் இழந்திருக்கிறோம். எனக்கு இரண்டு வருடம் முடியும் நேரத்தில் அது நடந்தது. தக்காளி விலை கிலோ இரண்டு ரூபாய்க்கு இறங்கி, விவசாயிகள் கூடை கூடையாக ரோட்டில் கொட்டிய வாரம். பதினொரு நாள் குடித்தேன். பன்னிரண்டாவது நாள் அதே அறைக்குப் போய், அதே நாற்காலியில் உட்கார்ந்து, கை தூக்கி, "புதுசா வந்திருக்கேன்" என்றேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரைவர் எழுந்துபோய் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். என் கையில் டம்ளர் ஆடும் என்று பாதி டீதான் ஊற்றியிருந்தார்.

இப்போது எங்கள் குரூப்பில் வாசலில் நிற்கும் வேலை என்னுடையது. மீட்டிங்குக்கு அரை மணி நேரம் முன்பே வந்து, நாற்காலி போட்டுவிட்டு, கேட்டருகே நின்று எதிர் டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது டீ சொல்கிற ஆளைப் பார்த்தால் ரோட்டைக் கடந்து போய் நானும் ஒரு டீ சொல்வேன். நீங்கள் அங்கே இருந்தால், எதுவும் பேச வேண்டாம். நான் எழும்போது கூட எழுந்து வாருங்கள்.